அறுந்து போகாத கம்பி

எலிக்கு ஒரு பழைய படகுதான் வீடு. அதில் விளக்கு அணைந்தால் பியூஸ் கம்பி அறுந்திருக்கும். புதுசு கட்டினால் எரியும். கரண்டு வேலை மொத்தமும் அவ்வளவுதான் என்று எலிக்கு நினைப்பு.

காற்றுக்காலம் வந்ததும் பியூஸ் தினமும் போனது.

"உப்புத்தண்ணி ஒயருக்குள்ள இறங்குது. முதல்ல அதைப் பாரு" என்றது அறுந்து கிடந்த பியூஸ் கம்பி.

"வேலை செய்யத் துப்பில்ல, எனக்குப் பாடம் எடுக்கிறியா?" என்று எலி அதைக் கடலில் வீசிவிட்டு, அந்த இடத்தில் தடித்த செம்புக் கம்பியை முறுக்கிக் கட்டியது. விளக்கு ஜம்மென்று எரிந்தது.

மூன்றாம் நாள் படகே எரிந்தது. எலி கருகிய பலகை ஒன்றைக் கட்டிக்கொண்டு மிதந்தது. அதில் மாட்டியிருந்த செம்புக் கம்பி பெருமையாகக் கேட்டது:

"பாத்தியா, நான் அறுந்தேனா?"