பச்சை தெரியும்வரை

கம்மல்போலத் தொங்கிப் பூக்கும் ஃப்யூஷியாச் செடிகள் மலைப்பனியில் கருகி, வெறும் குச்சிகளாக நின்றன. செத்துவிட்டன என்று பிடுங்கி எறிகிறவர்கள் அவசரக்காரர்கள். எப்சிபா அப்படியல்ல. காலையில் ஒவ்வொரு குச்சியின் நுனியையும் நகத்தால் கீறிப் பார்ப்பாள். உள்ளே பழுப்பாக இருந்தால் மறுநாள் சற்றுக் கீழே கீறுவாள். பச்சை தெரிந்த இடத்தில் நிறுத்திக்கொள்வாள். பனி போனதும் நுனியிலிருந்து அந்த இடம்வரை வெட்டிவிட்டால் போதும், மிச்சம் துளிர்த்துவிடும்.

தை பிறந்த வாரம் அவளுடைய நடுவிரல் நுனியில் ஒரு கீறல் இருந்தது. ரோஜா முள் பட்டிருக்கும் என்று விட்டுவிட்டாள். மறுநாள் காலை உள்ளங்கையில் ஒன்று. அதற்கு மறுநாள் மணிக்கட்டில். தோல் மட்டும் பிறைபோல உரிந்திருந்தது. ரத்தமில்லை, வலியுமில்லை.

"என்னங்க, தூக்கத்துல என்னைக் கீறுறீங்களா?"

"நானா? என் நகத்தைப் பாரு," என்று கணவர் தேவசகாயம் ஒட்ட வெட்டிய விரல்களை நீட்டினார்.

முழங்கைக்குக் கொஞ்சம் கீழே வந்ததோடு கீறல் நின்றுவிட்டது. ஒரு வாரம் பார்த்தாள், புதிதாக ஒன்றுமில்லை. நிம்மதியாகத்தான் இருந்தது, ஜன்னலோர வெயிலில் கையைத் திருப்பிப் பார்க்கும்வரை. கடைசிக் கீறலுக்குள் இளம்பச்சை தெரிந்தது.

தோட்டத்திலிருந்து தேவசகாயம் குரல் கொடுத்தார். "எப்சி, பனி போயிடுச்சு, இனிமே வெட்டிடலாம். செடி வெட்டுற கத்தரிய எங்க வெச்ச? ஆணியில காணோமே."