பதினோரு மரச் சிப்பாய்கள்

"யாரு பாய் இதையெல்லாம் மேஜையில வச்சது?"

தைரியராஜ் கேட்டதும் கலீல் பாய் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"நான்தான், மேஸ்திரி. நம்ம பக்கம் ஆள் குறையுதேன்னு வச்சேன். வீரமலை கொண்டுவந்தாரு."

பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் தைரியராஜ் பெயிண்டிங் மேஸ்திரி. கப்பலேறிப் போன வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் விட்டுப்போன ஈயச் சிப்பாய்கள் ஒரு பெட்டி நிறைய அவரிடம் இருந்தன. ஞாயிற்றுக்கிழமையானால் அவற்றைத் தன் வீட்டு மேஜையில் அணிவகுத்து, பகடை உருட்டி, அவரும் சிநேகிதர் கலீலும் சண்டை போடுவார்கள். சிப்பாய்களுக்கு உடுப்பு தீட்டுவது அவர் கைதான். ஒரு பித்தான் பிசகாது.

அது அறுபத்து மூணாம் வருஷம், சித்திரை மாசம். சீனாக்காரனோடு முந்தின வருஷம் நடந்த பனிமலைச் சண்டையைத்தான் அன்றைக்கு ஆடுவதாக இருந்தார்கள். மேஜை முழுக்க வெள்ளைப் பஞ்சு. அதன் மேல் கத்தியால் செதுக்கிய பதினோரு மரச் சிப்பாய்கள்.

கொண்டுவந்த வீரமலை வாசலிலேயே நின்றார். ஒர்க்‌ஷாப் கேட்டுக்குப் புதிதாக வந்த வாட்ச்மேன். உப்பிலியபுரத்துப் பக்கம். அதற்கு மேல் அவரைப் பற்றி யாருக்கும் தெரியாது.

"மேஸ்திரி, நான் வந்தது..."

"இருங்க. ஈயத்துக்குப் பதிலா மரத்தை வைக்கிறது தப்பில்ல. போன மாசம் பாய் சதுரங்கக் குதிரையை வச்சாரு, ஒத்துக்கிட்டேன். ஆனா பார்த்ததும் இன்ன ஆளுன்னு தெரியணும். அதுதான் எதிர்ல ஆடுறவனுக்குக் குடுக்கிற மரியாதை."

ஒரு சிப்பாயை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"பனியில நிக்கிறவனுக்கு நூல் சட்டை. காலில கான்வாஸ் ஷூ. கோட்டு இல்ல, கையுறை இல்ல. இவன் சண்டைக்குப் போறானா, முக்கொம்பு அணையைச் சுத்திப் பார்க்கப் போறானா?"

கலீல் சிரித்துவிட்டார்.

காப்பியோடு வந்த பேட்ரிசியா தன் புருஷன் தைரியராஜைப் பார்த்தாள். "வந்தவரை உட்காரக்கூடச் சொல்லாம என்னங்க விசாரணை?"

"நீ சும்மா இரு. தெரியாத விஷயத்துல கை வைக்கக்கூடாது. அங்க செத்தவங்களுக்கு இது அவமரியாதை."

சொல்லிக்கொண்டே மரச் சிப்பாய்களை ஒரே கையால் மேஜை ஓரத்துக்கு ஒதுக்கினார். ஒன்று தவறிக் கீழே விழுந்தது.

வீரமலை உள்ளே வந்து குனிந்து எடுத்தார். சட்டையில் துடைத்தார்.

"உடுப்பு சரிதாங்க, மேஸ்திரி."

"எப்படிச் சரி?"

"ஐப்பசியில எங்களை மலைமேல ஏத்தினப்போ உடம்புல இதுதாங்க இருந்துச்சு. இவன் மருதை. அந்தக் கடைசி ஆளு மூக்கன். குண்டு பட்டுச் செத்தது நாலு பேர்தான். மத்தவங்க விறைச்சே போயிட்டாங்க. நான் ஒருத்தன் இறங்கி வந்தேன்."

பேட்ரிசியா நாற்காலியை இழுத்துப் போட்டாள். தைரியராஜுக்கு வீரமலையின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"வைங்க," என்றார் கடைசியில். "அவங்க இடத்துலயே வைங்க. ஆடலாம்."

"ஆட வரலீங்க. நீங்க நல்லா பெயிண்ட் எழுதுவீங்கன்னு கேட்டுல சொன்னாங்க. இவங்களுக்கு ஆளுக்கொரு கம்பளிக் கோட்டு வரைஞ்சு தருவீங்களான்னு கேட்கத்தான் வந்தேன்."