பாறையின் இருட்டு

மார்ச் பதினேழாம் தேதி காலை ஆறு பத்துக்கு ஏரிக்கரையில் ஒரே இடத்தில் நின்று எடுத்த மூன்று படங்கள் கணினித் திரையில் இருக்கின்றன. ஒன்றில் வானம் தெளிவு, ஒன்றில் தண்ணீர், வெளிச்சம் கூட்டி எடுத்த மூன்றாவதில் கரைப்பாறை. மூன்றையும் ஒன்றாக்க, இருண்ட பகுதியை மட்டும் பிரித்தெடுக்கும் மாஸ்க்கைப் போடுகிறார் புகைப்படக்காரர். கறுத்துக் கிடந்த பாறை மெல்ல வெளுக்கிறது. அதன் அடியில் அவர் மனைவி குந்தியிருக்கிறாள். சால்வை நுனி கண்ணில் இருக்கிறது. “ஃப்ரேம்ல வந்து நிக்கிறியே, அறிவில்ல?” என்று நண்பர்கள் முன்னால் அவர் கத்தியதும் அவள் ஒதுங்கிய இடம் அது. துவைத்த துணிகளோடு அறையைக் கடக்கிற மனைவி திரையைப் பார்த்து நிற்கிறாள். “அட, நான்தானே அது?” அவர் திரும்பாமலே கேட்கிறார்: “அன்னைக்கு அழுதியா?” “கண்ணுல மண்ணு விழுந்துச்சு.” ஈரத்துணியை மறு தோளுக்கு மாற்றுகிறாள். “போட்டிக்குப் போற படம். இதுலயும் குறுக்க வந்து நிக்கிறேன் பாருங்க. அழிச்சிடுங்க.” அவருடைய காதுமடல் சுடுகிறது. மாடியில் அவள் துணி உதறும் சத்தம் கேட்கிறது. அழிக்க அவருக்குக் கை வரவில்லை. மூன்றாவது படத்தை மூடிவிட்டு, மற்ற இரண்டை மட்டும் சேர்த்துப் போட்டிக்கு அனுப்புகிறார். அதில் பாறை கறுப்பாகவே இருக்கிறது.