பெர்ல் ஆன்ட்டியின் வாக்குத்தத்தம்

பெர்ல் ஆன்ட்டிக்கு முன்னால் இன்னும் நாலே பேர். அட்டைத் தட்டைப் பிடித்திருந்தவன் நான்.

புத்தாண்டுக் காலை ஆராதனை. ஆளுக்கொரு வாக்குத்தத்த அட்டை எடுக்கிறார்கள். அதில் வரும் வசனம்தான் இந்த வருஷத்துக்கு ஆண்டவர் தரும் வார்த்தை. மற்றவர்கள் அதைக் கொண்டுபோய் ஃப்ரிட்ஜில் ஒட்டுவார்கள். ஆன்ட்டி மட்டும் அப்படியே கீழ்ப்படிவார்.

இது க்ளென்னுக்கும் தெரியும். எங்கள் சபை ஆள்தான், ரியல் எஸ்டேட் புரோக்கர். கணவர் இறந்தபின் பிரேசர் டவுனில் ஆன்ட்டி தனியாக இருக்கும் பழைய வீடு, நாற்பதுக்கு அறுபது அடி சைட், மூன்று வருஷமாக அவன் கண்ணை உறுத்துகிறது. எப்போது கேட்டாலும், "ஆண்டவர் சொல்லட்டும்" என்று ஆன்ட்டி அனுப்பிவிடுவார்.

"ஆண்டவர் சொன்னா போதும்ல? நீ சொல்ல வை," என்றான் என்னிடம். இரண்டு லட்சம்.

நான் சர்ச்சில் மணி அடிக்கிறவன், பெஞ்ச் துடைக்கிறவன். மகளுக்கு நர்சிங் காலேஜ் ஃபீஸ் கட்ட வெள்ளிக்கிழமை கடைசி நாள். கட்டாவிட்டால் பரீட்சை எழுத விடமாட்டார்கள். வெட்கமாகத்தான் இருந்தது. இருந்தும் சரி என்று சொல்லிவிட்டேன்.

ஆன்ட்டி எப்போதும் தட்டின் ஓரத்தில் கைக்குத் தட்டுப்படுவதைத்தான் எடுப்பார். ஆபிரகாமை வீட்டைவிட்டுப் புறப்படச் சொன்ன வசனத்தைக் கட்டைவிரலுக்கு அடியில் வைத்திருந்தேன். முறை வந்ததும் ஓரத்துக்குத் தள்ளினேன்.

எடுத்தார்.

எடுத்ததை என்னிடமே நீட்டினார். கண் ஆபரேஷன் ஆகி நாலு நாள், கறுப்புக் கண்ணாடி.

"நீயே படிச்சு சொல்லுப்பா."

சே! தள்ளுவது சுலபமாக இருந்தது. படிக்க நாக்கு எழவில்லை. தனியாகக் கிடக்கிற மனுஷியை என் வாயாலேயே வீட்டைவிட்டுத் துரத்துவதா?

அட்டையைச் சட்டைப் பையில் போட்டேன். தட்டிலிருந்து வேறொன்றை எடுத்துச் சத்தமாகப் படித்தேன். பயப்படாமல் இருக்கிற இடத்திலேயே நில் என்று வந்தது. ஐயோ ஆண்டவரே, நீர் பெரியவர்! பணம் போனால் போகட்டும். க்ளென்னிடம் சரி சொல்லி ஒரு வாரத்துக்குப் பிறகு அப்போதுதான் மூச்சு ஒழுங்காக வந்தது. அந்த அட்டையை ஆன்ட்டி கையில் வைத்தேன்.

ஆன்ட்டி அதை விரலால் தடவினார். கறுப்புக் கண்ணாடிக்குக் கீழே கன்னம் நனைந்தது.

"வீட்டை வித்துட்டு மைசூர்ல மககிட்டப் போயிடுன்னு வசனம் வரணும்னு ஒரு மாசமா முழங்கால்ல நின்னு ஜெபிச்சேன்ப்பா. தனியா முடியல. சரி, அவர் சித்தம்."

அட்டையை பைபிளுக்குள் வைத்துக்கொண்டு, பெஞ்சுகளைத் தடவியபடி திரும்பிப் போனார்.

பையில் இருப்பதை ஓடிப்போய்க் கொடுக்கலாம். உண்மையில் அவர் கை எடுத்தது அதுதானே. ஆன்ட்டிக்கு மகள் வீடு. எனக்கு இரண்டு லட்சம்.

ஆன்ட்டிக்காகத்தான் கொடுக்கிறேன் என்று சொன்னால், நானே நம்பமாட்டேன்.