நிமிர்த்தும் கயிறு

அன்று கண்ணம்பாடி அணையின் பின்நீர்க் கரையில் இருந்தவர்கள்: நான், என் மருமகள் உமாதேவி, படகுக் கொட்டகையைப் பார்த்துக்கொள்ளும் லிங்கப்பன், சின்னப் படகின் சொந்தக்காரர் நஞ்சுண்டசாமி. வேறு யாரும் இல்லை.

வானம் மூடியிருந்தது. தண்ணீர் ஈயத்தின் நிறத்தில் கிடந்தது.

எங்கள் படகு பதினாறு அடி. இரண்டு ஒல்லியான ஓடங்கள், நடுவே இழுத்துக் கட்டிய வலை, இரண்டு பாய்கள். பந்தயத்துக்கென்றே செய்தது. அதை ஓட்ட இருவர் வேண்டும். என் மகன் ரவிக்குமார் சுக்கான் பிடிப்பான். அவன் மனைவி உமாதேவி கம்பியில் தொங்கியபடி தண்ணீருக்கு மேல் சாய்ந்து நிற்பாள். அவர்கள் வென்ற கோப்பைகளை மண்டி மொஹல்லாவில் எங்கள் இரும்புக் கடையில், உள்ளே வருகிறவர் கண்ணில் முதலில் படும்படி வைத்திருக்கிறேன்.

நஞ்சுண்டசாமியின் படகு பதினான்கு அடி. ஒற்றைப் பாய். ஓட்ட ஓர் ஆள் போதும்.

இரண்டையும் மாற்றிக்கொள்ளலாம் என்று உமாதேவி கேட்டாள். நான் ஒப்பவில்லை.

ரவிக்குமாருக்குப் புனேயில் வேலை என்றுதான் எல்லாரிடமும் சொல்லி வந்தேன். இருவர் படகைக் கொடுத்துவிட்டு ஒற்றை ஆள் படகை வாங்கினால், அவன் இனி வரமாட்டான் என்று ஊருக்கே தண்டோரா போட்டதாகும்.

அவன் வரமாட்டான். வந்தாலும் வாசற்படி ஏற விடமாட்டேன். ஆனால் அது என் வீட்டு விஷயம்.

"தனியா நிமித்திக் காட்டு. முடிஞ்சா பெருசே இருக்கட்டும்" என்றேன்.

அந்தக் கரையில் அப்படியொரு வழக்கம் உண்டு. படகு யாருக்கோ அவர், கவிழ்த்துப் போட்ட படகைத் தாமே நிமிர்த்திக் காட்ட வேண்டும். நிமிர்த்த முடியாதவருக்கு அந்தப் படகு இல்லை.

லிங்கப்பன் எங்கள் படகைத் தள்ளிக்கொண்டு போய்க் கழுத்தளவுத் தண்ணீரில் கவிழ்த்தான். பாய் தண்ணீரில் படுத்தது. உமாதேவி கீழ் ஓடத்தின் மேல் ஏறி நின்று, மேல் ஓடத்தைத் தாண்டி வந்த கயிற்றைப் பற்றிப் பின்னால் சாய்ந்தாள்.

படகு அசையவில்லை.

அது கைப் பலத்தால் நிமிர்வதல்ல, உடம்பின் எடையால். ரவிக்குமாரின் எண்பது கிலோவும் சேர்ந்து தொங்கினால்தான் எழும். இவளோ இந்த ஒரு வருடத்தில் பாதியாக இளைத்திருந்தாள். போன கோடையில் முறிந்த இடது மணிக்கட்டில் இன்னும் பட்டைத்துணி சுற்றியிருந்தது.

இரண்டாம் முறை பாய் ஒரு முழம் எழுந்து, பொத்தென்று விழுந்தது.

"அண்ணா, உங்க மருமக கையை முறிச்ச படகுதானே இது. இன்னும் எதுக்குக் கட்டிக்கிட்டு அழறீங்க?" என்றார் நஞ்சுண்டசாமி. "ராசி கெட்டது. ஏதோ உங்க முகத்துக்காக நான் வாங்கிக்கிறேன்."

செருப்பைக் கழற்றினேன்.

அறுபத்தொன்பது வயதுவரை அந்தக் கரையில் கணுக்கால்கூட நனைத்தவனல்ல நான். வேட்டியோடு, முழுக்கைச் சட்டையோடு இறங்கினேன். லிங்கப்பன் "பேடா சார், வேண்டாம், வழுக்கும்" என்று பதறிக்கொண்டு வந்து, மிதவைச் சட்டையை என் மேல் மாட்டிவிட்டான். கீழ் ஓடத்தில் ஏறினேன். உமாதேவிக்குப் பின்னால் நின்று, அவள் மிதவைச் சட்டையின் வாரைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தேன்.

கயிறு முறுகியது.

பாய் மெல்லத் தண்ணீரை விட்டு எழுந்தது. பிறகு ஒரே வீச்சில் படகு நிமிர, நாங்கள் இருவரும் தண்ணீருக்குள் விழுந்தோம்.

லிங்கப்பன் கை தட்டினான். "அடுத்த பந்தயத்துக்கு ஆள் கெடச்சாச்சு!" என்று நஞ்சுண்டசாமி கரையிலிருந்து கத்தினார். ஒரு கணம் எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

உமாதேவி சிரிக்கவில்லை. முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைக்காமல் என்னைப் பார்த்தாள்.

"நடுத் தண்ணியில கவுந்தா, நீங்க எங்கிருந்துங்க மாமா வருவீங்க?"



பிறகு சின்னப் படகைக் கவிழ்த்தார்கள். அவள் ஏறி நின்றாள். வலது கையால் கயிற்றைப் பற்றிச் சாய்ந்தாள். அது, கூப்பிட்டதும் எழுந்து வருவதைப் போல எழுந்துவிட்டது.

"பெருசை எடுத்துக்குங்க" என்று நஞ்சுண்டசாமியிடம் சொன்னேன்.

காரில் துண்டு விரித்து உட்கார்ந்து திரும்பினோம். வழியில் அவள் பட்டைத்துணியை அவிழ்த்துப் பிழிந்தாள். மறுபடி மணிக்கட்டில் சுற்றி, பல்லால் கடித்து முடிச்சுப் போட்டுக்கொண்டாள்.

படகு கை மாறியதும் அந்தப் பேச்சு ஊரெங்கும் பரவிவிட்டது. கடைக்கு வந்த ஒருவர் என்னிடமே கேட்டார். அந்தப் பெரிய படகு கவிழ்ந்ததில்தான் மருமகளின் கை முறிந்ததாம், அந்தப் பயத்தில்தான் அதைத் தள்ளிவிட்டோமாம்.

தவறு.

அந்தக் கோடையில் பின்நீர் வற்றிவிட்டது. படகு கொட்டகையில் தார்ப்பாய்க்குள் கிடந்தது. ஒரு நாள்கூடத் தண்ணீரில் இறங்கவில்லை.

கை முறிந்தது எங்கள் வீட்டுக் கூடத்தில். அப்போது அங்கே இருந்தவர்கள்: நான், உமாதேவி, என் மகன் ரவிக்குமார். வேறு யாரும் இல்லை.