முடித்தவர் போகலாம்

சனிக்கிழமைக் கணக்கு மன்றத்தில் ஒரே சட்டம்தான். கணக்கை முடித்தவர் வீட்டுக்குப் போகலாம். எல்லோரும் தாளைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். வட்டத்துக்குள் அடைபட்ட நாற்கரத்தைப் பார்த்தபடி பெனிட்டா மட்டும் உட்கார்ந்திருந்தாள். விடை அவளுக்கு எப்போதோ வந்துவிட்டது. கடைசி வரியை எழுதினால் எழுந்துகொள்ள வேண்டும் என்பதால் எழுதாமல் வைத்திருந்தாள். அப்பா அவளை நீட் வகுப்பில் சேர்த்துவிட்டார். அடுத்த சனிக்கிழமை முதல் இந்த அறை அவளுக்கு இல்லை. கீழே அவருடைய பைக் ஹாரன் மறுபடியும் ஒலித்தது.

மன்றம் நடத்தும் ஷர்மிளா அக்கா பூட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தாள். "ஏ புள்ள, ஒரு வரிதான பாக்கி? என்னத்துக்கு முழிக்க?"

"வர மாட்டேங்குக்கா."

"எனக்கே வருது, ஒனக்கு வரலியாக்கும்."

பெனிட்டா தலை நிமிரவில்லை. தாளில் மேலிருந்து கீழ்வரை ஒரே கோடாக அடித்தாள். "இது சுத்து வழிக்கா. வேற ஒண்ணு இருக்கு. மொதல்லேருந்து போடுதேன்."

ஹாரன் நிற்காமல் அலறியது. அக்கா ஜன்னலைச் சாத்திவிட்டுப் புதுத் தாள் ஒன்றை அவள் முன் வைத்தாள். பெனிட்டா காம்பஸை ஊன்றி, வட்டம் சீக்கிரம் முடிந்துவிடாதபடி, மெல்ல மெல்லத் திருப்பினாள்.