இந்த ஒரு தடவை மட்டும்

சாவி பூட்டுக்குள் நுழைய மறுத்தது. கணினி ஆசிரியை அதை மூன்றாவது தடவையாகத் திருப்பிப் பிடித்துக் குத்திப் பார்த்தாள்.

"பயந்து சாகாதீங்க டீச்சர்," என்று பின்னாலிருந்து பல்லைக் கடித்தார் தாளாளர். "உள்ள போனதும் நீங்க வாயைத் திறக்கவே வேணாம். நான் பாத்துக்கறேன்."

நாலடி தள்ளி, தோளில் பையோடு மென்பொருள் நிறுவனத்தின் சோதனை அதிகாரி வந்துகொண்டிருந்தார். நரைத்த மீசை, சாந்தமான முகம். சொல்லாமல் கொள்ளாமல் அரைமணி நேரத்துக்கு முன்புதான் பள்ளிக்கூட வாசலில் வந்து இறங்கியிருந்தார்.

கதவு திறந்தது. நான்கு வரிசைகளில் முப்பத்திரண்டு கணினிகள். தாளாளர் அதிகாரியை வாசலை ஒட்டியிருந்த முதல் இரண்டுக்கு முன்னாலேயே மறித்து நிறுத்தினார்.

"நல்லா பாருங்க சார், உரிமம் எல்லாம் பக்கா. பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்காரன் எவனோ வயித்தெரிச்சல்ல உங்களுக்குப் புகார் எழுதிட்டான்."

அந்த இரண்டில் இருந்தது மட்டும் விலை கொடுத்து வாங்கிய மென்பொருள். அதிகாரி இரண்டையும் பார்த்தார். தலையாட்டினார். பையை மூடப் போனார்.

அவருக்கு வழிவிட்டு ஒதுங்கிய ஆசிரியையின் கை, மூன்றாம் வரிசையில் இருந்த ஒரு மவுஸில் பட்டது. தூங்கிக்கொண்டிருந்த திரை விழித்துக்கொண்டது. கறுப்புத் திரையின் நடுவே கொட்டை எழுத்தில் ஓர் அறிவிப்பு: 'நீங்கள் பயன்படுத்துவது உண்மையான பிரதி அல்ல.'

"ஐயோ, கை பட்டுடுச்சு," என்றாள் ஆசிரியை.

தாளாளர் பார்த்த பார்வையில் பச்சை மரமும் பற்றிக்கொண்டிருக்கும்.

அதிகாரி பையைக் கீழே வைத்துவிட்டு ஒவ்வொரு கணினியாக உட்கார்ந்து பார்த்தார். மீதி முப்பதிலும் ஒரே உரிம எண். எல்லாம் ஒரே திருட்டுப் பிரதியின் குட்டிகள்.

"என்ன சார் இதெல்லாம்?"

தாளாளர் ஒரு நொடிகூடத் தடுமாறவில்லை. "டீச்சர் விவரம் தெரியாம போட்டுட்டாங்க சார். எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல."

ஆசிரியை திரும்பித் தாளாளரைப் பார்த்தாள். நாலு வருஷமாக ஒவ்வொரு ஜூன் மாதமும் அவரிடம்தான் எழுதிக் கேட்டிருக்கிறாள். 'ஊர் உலகத்துல எவன் டீச்சர் இதையெல்லாம் வாங்கறான்? எங்கேயாவது காப்பி பண்ணிப் போடுங்க' என்று ஒவ்வொரு தடவையும் அவர்தான் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்.

"வேலையாவது ஒழுங்கா செய்யுதாம்மா?" அதிகாரி அவளைப் பார்த்துக் கேட்டார்.

"எங்க சார்? இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை திரை கறுத்துடும். பிள்ளைங்க கொசு அடிக்கிற மாதிரி அதைத் தட்டி மூடிட்டு வேலை பாக்குதுங்க. போன மாசம் வைரஸ் வந்துச்சு. பன்னெண்டாம் வகுப்புப் பிள்ளைங்க செய்முறைத் தேர்வுக்குச் செஞ்சு வெச்சிருந்தது மொத்தமும் போச்சு. எட்டு மாச உழைப்பு, நாப்பத்தோரு பிள்ளைங்க. ஒரு பொண்ணு மூணு நாளா இந்தக் கதவுகிட்டயே வந்து நின்னுச்சு. 'திரும்பக் கிடைச்சிடுச்சா மிஸ்'னு கேட்டுக்கிட்டே இருந்துச்சு."

அதிகாரியின் முகம் இளகியது. தாளாளர் அந்த இளக்கத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"அதான் சார் நானும் சொல்றேன். நீங்க அபராதம் போட்டா அடி யாருக்கு? இந்தப் பச்சப் பிள்ளைங்களுக்குத்தானே? நாங்க என்ன வியாபாரமா பண்றோம்? படிப்பு சொல்லித் தர்ற இடம். இந்த ஒரு தடவை மட்டும் பெரிய மனசு பண்ணுங்க."

ஜன்னலுக்கு வெளியே, வாசலில் புதிதாகக் கட்டிய நீரூற்று நுரைத்துக்கொண்டிருந்தது.

"போன தடவை வந்தவரும் பெரிய மனசு பண்ணிட்டுத்தான் போனாரு," என்று ஆசிரியை முணுமுணுத்தாள். "அதுக்கு முந்தி வந்தவரும்."

"டீச்சர்!"

"விடுங்க சார், அவங்க பதட்டத்துல இருக்காங்க," என்றார் அதிகாரி. "எங்க கம்பெனியிலயும் எல்லாரும் பிள்ளைகுட்டிக்காரங்கதான். பள்ளிக்கூடம்னா யாருக்கும் கை வராது."

பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார். 'அபராதம்' என்ற கட்டத்தைத் தாண்டி, 'எச்சரிக்கை' என்ற கட்டத்தில் பேனாவால் ஒரு குறி போட்டார். ஆறு மாதத்துக்குள் மாற்றிவிட வேண்டும் என்று கீழே எழுதினார். தாளாளர் இரண்டு கையையும் கூப்பினார்.

"மாத்திடறோம் சார். ஆறு மாசம் எதுக்கு? அதுக்கு முன்னாடியே மாத்திடறோம்."

ஆசிரியையின் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் வழிந்தது. புடவைத் தலைப்பால் துடைக்கத் துடைக்க வந்துகொண்டேயிருந்தது.

அதிகாரி பதறிப்போனார். "அழாதீங்கம்மா, உங்க மேல எதுவும் வராது. உங்க நிலைமை எனக்குப் புரியுது. அந்தப் புகாரை எழுதின புண்ணியவான் யாரோ, அவங்களுக்குத்தான் நெஞ்சுல ஈரமே இல்ல. 'பள்ளிக்கூடம்னு பாவம் பாக்காதீங்க, தண்டிக்காம போகாதீங்க'ன்னு எழுதி, அதுக்குக் கீழ ரெண்டு அடிக்கோடு வேற!"

"பேரைச் சொல்லுங்க சார், நான் பாத்துக்கறேன்," என்று உறுமினார் தாளாளர்.

"பேர் போடலையே," என்றபடி அதிகாரி கையெழுத்துப் போடக் குனிந்தார்.

படிவத்தின் மேல் உள்ளங்கையை விரித்து அழுத்தினாள் ஆசிரியை.

"அடிக்கோடு போட்டது நான்தான் சார்."